பேன்ட் சைஸ் முப்பத்திரண்டு

நெஞ்சு நோய்ப் பிரிவில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இருபத்தெட்டு வருஷ வேலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலைந்து விஷயம் இல்லாமல் போகாது. அதையெல்லாம் என் ஓய்வு விழாவிலேயே மைக்கைப் பிடித்து ஆளுக்கு ஆள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதுச் செய்தி. ஆகவே நான் செய்த ஒரு தவற்றை எழுதுகிறேன். இந்த பிலோமினா சிஸ்டர், அதாவது நான், கோபக்காரி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அந்தக் கோபத்தில் முக்கால்வாசி என் மேலேயே என்பது இதைப் படித்தால் தெரியும்.

ஊர் கடலூர், வேலை சிதம்பரத்தில். ஒரு அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை, பெயர் வேண்டாம். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், வியாழக்கிழமைகளில் நாள்பட்ட மூச்சு நோயாளிகளுக்கான ஓ.பி.யைப் பார்த்துக்கொள்வேன். பீடிப் புகை, விறகடுப்புப் புகை, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை என்று ஏதோ ஒன்றை வருஷக்கணக்கில் உள்ளே இழுத்து, நுரையீரல் குழாய்கள் சுருங்கிப்போனவர்கள் வருவார்கள். உள்ளே போன காற்று வெளியே வர மறுக்கிற நோய். கை கால் மெலிந்திருக்கும், தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரியும். அப்படி ஒருவரைப் பார்த்தவுடன் நம் வாயில் தானாக வருகிற வார்த்தை, “நல்லா சாப்பிடுங்க.” ஒல்லியாக இருப்பவனுக்கு ஏது சுகர், ஏது கொழுப்பு என்பது டீக்கடையிலிருந்து டாக்டர் அறை வரைக்கும் நம் பக்கத்தில் ஒரே நம்பிக்கை. குண்டானவர் வந்தால் சுகர் பார்ப்போம், ஒல்லியானவர் வந்தால் சளி பார்ப்போம்.

எங்கள் ஓ.பி. சீட்டில் எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு என்று மூன்று கட்டங்கள் உண்டு. எடைக்கு மெஷின் இருந்தது. உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டிருந்தோம். இடுப்புக்கு ஒரு இஞ்ச் டேப் இருந்தது, அது டிராயரில் சுருண்டு கிடந்தது. ஆண்களின் இடுப்பைச் சுற்றி டேப் போட எங்களுக்குக் கூச்சம், அவர்களுக்கு அதைவிடக் கூச்சம். அதனால் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். “பேன்ட் சைஸ் என்னா?” என்று கேட்டு அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதிவிடுவது. வேட்டி, கைலி கட்டியவர் என்றால் கண்ணால் அளந்து ஒரு எண். பெண்கள் என்றால் கட்டத்தில் ஒரு கோடு. கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. நானும் ஊரோடு ஒத்துப் போனேன். ஒரு நாள்கூட அது என்னை உறுத்தியதில்லை.

கலியபெருமாள் என்பவர் ஐந்து வருஷமாக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயது. சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் தையல் கடை, கால் மெஷின் ஒன்று. பீடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கூடவே மனைவி செந்தாமரை வருவாள். அவர் இருமி முடிப்பதற்குள் மிச்ச வாக்கியத்தை அவள் சொல்லி முடிப்பாள்.

அன்றைக்கு எடை பார்த்தேன். ஐம்பத்தொன்று. போன தடவையைவிட இரண்டு கிலோ அதிகம். எனக்கு ஒரே சந்தோஷம். “பரவால்லயே, தேறிட்டீங்க” என்றேன். செந்தாமரைக்கு அதைவிடச் சந்தோஷம். “சத்து மாவு கரச்சுக் குடுக்கறேன் சிஸ்டர், பால்ல சக்கர ஜாஸ்தியா போட்டுக் குடுக்கறேன். பாருங்க, மூஞ்சியெல்லாம் உப்பி வந்துருக்கு” என்றாள். முகம் உண்மையிலேயே உருண்டையாகத்தான் இருந்தது. ஏன் உருண்டை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்துக்கொண்டு, “பேன்ட் சைஸ் என்னாங்க?” என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு, “எந்த எடத்துல கேக்கறீங்க சிஸ்டர்? பேன்ட் நிக்கிற எடத்துலயா, வயிறு நிக்கிற எடத்துலயா?” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதான? சொல்லுங்க.”

“ஒண்ணு இல்லீங்க. பேன்ட்டு வயித்துக்குக் கீழ நிக்குது, அது முப்பத்திரண்டு. மேல அளந்தா வேற வரும். இந்தப் பேன்ட்டையே ரெண்டு தடவ பிரிச்சுட்டேன். தொடையில பிடிச்சேன், இடுப்புல விட்டேன். விட்டும் ஏற மாட்டேங்குது, எறக்கிப் போட்டுக்கறேன். முப்பது வருஷமா தைக்கிறேன் சிஸ்டர். எளச்ச ஆளுக்கு எல்லா எடத்துலயும் பிடிப்பேன், பெருத்த ஆளுக்கு எல்லா எடத்துலயும் விடுவேன். ஒரே ஆளுக்கு ரெண்டையும் பண்ணது எனக்கு மட்டுந்தான். ஏன் இப்புடி?”

அந்தக் கேள்விக்கு அவருடைய நோயின் பாதி வரலாறு பதிலாக இருந்தது. எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அந்த மனிதர் தன் உடம்பில் நடப்பதை அவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன்? “வயசானா அப்படித்தாங்க” என்று சொல்லிவிட்டு, கட்டத்தில் 32 என்று எழுதினேன். சீட்டின் கீழே, சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்று போன தடவை எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே இறக்கி எழுதினேன். போன தடவை எழுதியவளும் நான்தான், அதற்கு முந்தின தடவையும் நான்தான். அவர் முதல் நாள் வந்தபோது பார்த்த சுகரை ஐந்து வருஷமாகக் காப்பியடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், ஓ.பி. நிரம்பி வழிந்த நேரத்தில், ஆட்டோவிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சட்டை முழுக்க வியர்வை. மூச்சு வேகமாக ஓடியது. செந்தாமரை ஒரு கையில் பழைய சீட்டுகள் இருந்த பையையும் மறு கையில் அவர் தோளையும் பிடித்திருந்தாள். “காலையிலேருந்து இளைப்பு சிஸ்டர்” என்றாள்.

நமக்கு இது தினசரிக் காட்சி. இளைப்போடு வந்தால் நெபுலைசர், நம் ஜனங்கள் சொல்கிற ‘புகை’. உட்கார வைத்தேன், மாஸ்க்கைப் போட்டேன், மெஷினை ஓட விட்டேன். முடிந்தது. குறையவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன டூட்டி டாக்டர் வந்து பார்த்து, இன்னொன்று வைக்கச் சொன்னார். வைத்தேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கலியபெருமாள் மாஸ்க்கை இழுத்துவிட்டு, “சிஸ்டர், இது அந்த இளைப்பு இல்ல. இது வேற” என்றார்.

நான் மாஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். “பேசாதீங்க, மூச்ச இழுங்க” என்று அதட்டினேன். இந்த வரியை எழுதும்போது எனக்கு இப்போதும் கூசுகிறது. ஐந்து வருஷம் தன் மூச்சோடு மல்லுக்கட்டிய மனிதர் இது வேறு என்கிறார். நான் அவர் வாயை மூடினேன்.

வயிறு இறுக்கமாக இருக்கிறதே, தளர்த்தினால் மூச்சுக்கு நல்லது என்று பேன்ட் கொக்கியைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். பேன்ட் பட்டை அடிவயிற்றுக்குக் கீழே ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்கு மேலே வயிறு கல் மாதிரி உருண்டு நின்றது. அதற்குக் கீழே தொடை இரண்டும் என் முழங்கையைவிடக் கொஞ்சம்தான் தடிமன். தொடையில் பிடித்தேன், இடுப்பில் விட்டேன் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. மூன்று மாதம் தாமதம்.

மாஸ்க்கை நானே எடுத்தேன். “வேறன்னா எப்படிங்க? சொல்லுங்க” என்றேன்.

“எப்பவும் மூச்ச வெளிய வுட முடியாது. இன்னிக்கு மூச்சு வெளிய நல்லாதான் போவுது. நெஞ்சு மேல இஸ்திரிப் பெட்டிய வெச்சாப்பல இருக்கு. சூடு இல்ல, கனம்.”

ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். வழக்கமாக அவர் நெஞ்சில் கேட்கிற விசில் சத்தம் அன்றைக்குச் சொல்லும்படியாக இல்லை. டூட்டி டாக்டர் இதற்குள் வேறொரு நோயாளியிடம் போயிருந்தார். போய், உடனே ஈசிஜி எடுக்க வேண்டும் என்றேன்.

“மொதல்ல மூச்சப் பாப்போம் சிஸ்டர். ஆள் ஒல்லி. சுகர் இல்ல, பிரஷர் இல்ல.”

“சுகர் இல்லன்னு யார் சொன்னா?”

“சீட்டுல எழுதியிருக்கே.”

“அந்தச் சீட்ட எழுதினவ நான்தான் டாக்டர். அத நம்பாதீங்க.”

அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, “சரி, எடுத்துடலாம்” என்றார். அத்தனை நோயாளிகள் முன்னால், நான் எழுதியது பொய் என்று நானே சொல்லிவிட்டேன். என் சர்வீஸில் மிகவும் கஷ்டப்பட்டுச் சொன்ன வாக்கியம் அது. நெருக்கடியில் துணிச்சல் வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். டாக்டரை எதிர்த்துப் பேசுவதுதான் துணிச்சல் என்று நானும் நினைத்திருந்தேன். அது எனக்குச் சுலபமாக வரும், வாய் கொஞ்சம் நீளம். நம் கையெழுத்தை நாமே அடித்துப் போடுவதுதான் சிரமம்.

ஈசிஜி மெஷின் எதிர்க் கட்டிடத்தில். தள்ளுவண்டிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நானே தள்ளினேன், செந்தாமரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். விரலில் குத்திச் சுகர் பார்த்தேன். முந்நூற்றைத் தாண்டியிருந்தது. ஈசிஜி தாள் வெளியே வர வர டூட்டி டாக்டரின் முகம் மாறியது. மாரடைப்பு. அதற்குப் பிறகு அந்தப் பையன் ஓடிய ஓட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இருதய வார்டுக்குப் போன் போட்டு, அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு நெபுலைசரில் நாங்கள் வீணாக்கிய நேரம் ஏறத்தாழ நாற்பது நிமிடம். இருதயத்தில் அடைப்பு வந்தவருக்கு நாற்பது நிமிடம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. இருதய வார்டு டாக்டர் நான் நிற்கும்போதே கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, “அஞ்சு வருஷம் ஃபாலோ அப்ல இருந்தவருக்கு ஒரு சுகர் டெஸ்ட்கூடவா இல்ல?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்தார். செந்தாமரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதைக் கேட்டாள். என் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், “அஞ்சு வருஷமா உங்ககிட்டதான சிஸ்டர் வந்தோம்?” என்றாள். அதில் கோபம் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“ஆமாம்மா. எங்க தப்பு. என் தப்பு” என்றேன். அழுதும்விட்டேன். நர்ஸ் நோயாளி முன்னால் அழக்கூடாது என்பார்கள். சரிதான், ஆனால் அன்றைக்கு அடக்க முடியவில்லை.

கலியபெருமாள் படுத்தபடியே, “வுடு தாமர. அவுங்க ஒருத்தரா? நீ சக்கர போட்ட, நான் மாத்திர போட்டேன்” என்றார். அப்போதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. இளைப்பு வரும்போதெல்லாம் மெடிக்கலில் சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். உடனே கேட்கும், பசி நன்றாக எடுக்கும், முகம் உப்பும். ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டு வருஷமாக. எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். கேட்கும்போது திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். எடுத்த எடுப்பில் நிறுத்தவும் சொல்லிவிடாதீர்கள். நாள்பட்டுப் போட்டவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் கலியபெருமாள் செந்தாமரையிடம் சொல்லி, கடையிலிருந்து அளவு நோட்டைக் கொண்டுவரச் செய்தார். வாடிக்கையாளர் அளவுகளோடு தன் அளவையும் அவர் வருஷா வருஷம் தீபாவளிக்கு எழுதி வைத்திருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வயிறு முப்பத்துமூன்று, தொடை இருபது. கடைசியாக எழுதியது வயிறு முப்பத்தொன்பது, தொடை பதினேழு. என் சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த ஐந்து வருஷமும் எடை நாற்பத்தொன்பதுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவிலேயே நின்றிருந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை. காலில் இருந்த சதை கரைந்து, அதே எடைக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தராசுக்குத் தெரியாது.

இதுதான் உங்களிடம் நான் சொல்ல வந்த பாடம். மூச்சு வாங்குகிறது என்று நடப்பதை நிறுத்துகிறார்கள். நடக்காததால் தொடைச் சதை போகிறது. உள்ளுக்குள் ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும் நோயும் சதையைத் தின்கிறது. போதாததற்கு மாத்திரை வேறு. கொழுப்பு தோலுக்கு அடியில் பரவாமல் வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிப் போய் உட்காருகிறது. அந்தக் கொழுப்புதான் சுகரை ஏற்றுகிறது, பிரஷரை ஏற்றுகிறது, இருதயக் குழாயை அடைக்கிறது. பார்வைக்கு ஆள் ஒல்லி. நாம் நுரையீரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அடுத்த வாரமே எங்கள் தலைமை மருத்துவரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் மாற்றம் என்றால் அலர்ஜி. எல்லாருக்கும் வயிறும் தொடையும் அளக்க வேண்டும், சுகரும் ஈசிஜியும் இங்கேயே பார்க்க வேண்டும் என்றேன்.

“இது நெஞ்சு நோய்ப் பிரிவா, தையல் கடையா சிஸ்டர்?”

“தையல்காரருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலயே சார்.”

சுகர் கிளினிக் செவ்வாய்க்கிழமை நடக்கிறது, அங்கே அனுப்புங்கள் என்றார். செவ்வாய்க்கு ஒரு பஸ், வியாழனுக்கு ஒரு பஸ் என்று மூச்சு வாங்குகிற மனிதர் இரண்டு தடவை வர மாட்டார் என்றேன். ஆள் இல்லை என்றார். நான் இருக்கிறேன் என்றேன். மூன்று வியாழக்கிழமை விடாமல் அவர் அறை வாசலில் நின்றேன். நாலாவது வாரம், “செஞ்சு தொலைங்க” என்று கையெழுத்துப் போட்டார். அந்த அனுமதிக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஓ.பி. மூலையில் ஒரு திரை கட்டினேன். ஆண்களை அளக்க ஆண் உதவியாளர், பெண்களை நான். எங்கே அளக்க வேண்டும் என்று கலியபெருமாளே வார்டில் படுத்திருந்தபோது காட்டித் தந்திருந்தார். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், துணிக்கு மேலே இல்லை, பெல்ட்டுக்கு மேலே இல்லவே இல்லை. நம் நோயாளிகளுக்கு இன்னொன்றும் உண்டு. மூச்சை விட்டு முடித்த பிறகுதான் டேப்பைப் படிக்க வேண்டும், அவர்களுக்கு மூச்சு விட நேரமாகும். காத்திருங்கள். “ஊதி முடிக்கட்டும் சிஸ்டர், அவசரப்பட்டா அளவு தப்பிப் போவும்” என்பார் கலியபெருமாள். எத்தனை பேருக்குச் சுகர் கண்டுபிடித்தோம் என்று எண்ணிக்கை சொல்ல மாட்டேன். முதல் வாரமே பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பீடியைக் கையால் தொட்டதில்லை, இருபது வருஷம் முந்திரிக்கொட்டை வறுத்தவர். வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு மெலிந்த கை. புடவைக்குள் வயிறு இருந்ததை யாருமே பார்த்ததில்லை. சுகர் இருநூற்று எண்பது. அவர் சீட்டில் இடுப்புக் கட்டத்தில் நான் போட்ட கோடு ஏழு தடவை இருந்தது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சுடுகிற பால் குடித்த பூனை மாதிரி அடுத்த பக்கம் தாவினேன். கலியபெருமாளின் வயிற்றைக் குறைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, சோற்றைப் பாதியாக்கச் சொன்னேன். ராத்திரிக்கு ஒரு தோசை. செந்தாமரை என் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் வயிறு ஒரு இஞ்ச் இறங்கியது. நான் பெருமையோடு எங்கள் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத ஆள். கலியபெருமாளை ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அவரால் எழ முடியவில்லை. தொடையை அளந்தார். பதினாறு.

“வயித்தக் கொறைக்கறீங்களா சிஸ்டர், கால கொறைக்கறீங்களா?” என்றார் என்னைப் பார்த்து.

அந்த நிமிடம் கலியபெருமாள் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். மாரடைப்பு வந்த அன்றைக்குக்கூட அது இல்லை. அவருக்குக் கடையைத் திறக்க வேண்டும். கால் மெஷினை மிதிக்க வேண்டும். கடலூரில் இருக்கும் மருமகன், “போதும் மாமா, கடைய மூடிட்டு எங்களோட வந்துடுங்க” என்று ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தார். கடையைத் திறக்க விடலாமா என்று தலைமை மருத்துவரும் யோசித்தார். “ஆறு நிமிஷம் உக்காராம நடந்து காட்டட்டும், அப்பறம் கடையப் பத்திப் பேசலாம்” என்று முடித்துவிட்டார். ஸ்டூலை விட்டே எழ முடியாதவர் ஆறு நிமிடம் எங்கே நடப்பது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். சத்து மாவும் சர்க்கரையும் போயின. முட்டை, சுண்டல், பயறு, மீன் வந்தன. சோறு அளவாகத் திரும்பி வந்தது. காலையில் பத்து தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சாயங்காலம் பத்து தடவை. முதல் வாரம் மூன்றுக்கு மேல் முடியவில்லை. மூச்சு வாங்கும், நிற்பார், உதட்டைக் குவித்து ஊதுவார், மறுபடி உட்கார்ந்து எழுவார். சந்து முனை வரை நடை, பிறகு அடுத்த சந்து வரை. செந்தாமரை நோட்டில் தினமும் எழுதுவாள். மருமகன் போன் போட்டுக் கூப்பிடும்போதெல்லாம், “இன்னும் முடிவாவல மாப்ள” என்று சொல்லி வைத்துவிடுவார். ஒரு வியாழன்கூட வராமல் இருந்ததில்லை. நானும் ஒரு வியாழன்கூட லீவ் போடவில்லை. ஏழு மாதம்.

நம் வேலையில் இந்த ஏழு மாதம்தான் பெரிது. நெருக்கடியில் ஓடுவதற்கு எல்லோருக்கும் கால் வரும். ஒன்றும் நடக்காத வியாழக்கிழமைகளில், கட்டத்துக்குள் உண்மையான எண்ணை எழுதுவதற்குத்தான் ஆள் குறைவு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

நடைச் சோதனை அன்றைக்கு வயிறு முப்பத்தாறு, தொடை பதினெட்டு. எடை ஐம்பதுதான். சுகர் கட்டுக்குள். ஓ.பி.க்கு வெளியே இருந்த நீள வராந்தாவில் பிசியோதெரபிஸ்ட் ஸ்டாப்வாட்சோடு நின்றார். நடுவில் சுவரோரமாக ஒரு மடக்கு நாற்காலி. முடியாவிட்டால் அதில் உட்காரலாம், ஆனால் உட்கார்ந்தால் தலைமை மருத்துவர் சொன்ன கணக்கு அதோடு சரி. விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப். செந்தாமரை நாற்காலிக்குப் பக்கத்தில் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். தலைமை மருத்துவரும் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், வேறு எதற்கோ வந்ததுபோல.

மூன்று நிமிடம் நன்றாகத்தான் போனது. நாலாவது நிமிடத்தில் கலியபெருமாளின் நடை தளர்ந்தது. நாற்காலிக்கு நேராக வந்தபோது நின்றுவிட்டார். சுவரில் கையை வைத்துக் குனிந்தார். முதுகு ஏறி ஏறி இறங்கியது. இந்தச் சோதனையில் நாம் இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தக் கூடாது, சொல்ல வேண்டிய வார்த்தைகள் இவ்வளவுதான் என்று விதி இருக்கிறது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிளிப்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், நெஞ்சில் கனம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். செந்தாமரை அதை அவர் பக்கம் நகர்த்தவும் இல்லை, அவரைப் பிடிக்கவும் இல்லை. உதட்டைக் குவித்து நாலைந்து தடவை ஊதினார். பிறகு கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு நடந்தார்.

“ஆறு நிமிஷம் ஆச்சு, நில்லுங்க” என்று பிசியோதெரபிஸ்ட் குரல் கொடுத்தபோது அவர் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி, “செவுரத் தொட்டுட்டு வந்துடறேன்” என்றார்.

செந்தாமரை நாற்காலியை மடக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.